ஒரு ஃப்ரிட்ஜ் அளவு

ஒரே இடத்தை நான்கு முறை படமெடுப்பேன்,
பத்து நிமிடத்துக்கு ஒன்று.
நட்சத்திரங்கள் நான்கிலும்
அறைந்த ஆணிபோல் அங்கேயே இருக்கும்.
எது நகர்கிறதோ
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

பெரும்பாலும் நகர்வது தெரிந்த ஆள்தான்.
எண் வாங்கிக்கொண்டு
செவ்வாய்க்கு அப்பால்
தன்பாட்டுக்குச் சுற்றும் கல்.
சில நேரம் செயற்கைக்கோள்.
ஒருமுறை மூன்று நாட்டு ஆய்வகங்களை எழுப்பிவிட்ட பிறகு தெரிந்தது
அது யாரோ எப்போதோ ஏவிய
ராக்கெட்டின் காலி உறை.

கரூ மேட்டில் ஜூலை என்றால் குளிர்காலம்.
குவிமாடத்துக்குள் ஹீட்டர் கூடாது.
சூடு ஏறினால் காற்று நடுங்கும்,
காற்று நடுங்கினால் புள்ளி கலங்கும்.
ஆகவே நடுங்குவது நான்.

அன்றைக்கு இரவு 10.52.
நான்காவது படத்தில்
புள்ளி, புள்ளியாக இல்லை.
நகக்கீறல் போல ஒரு கோடு.
கிட்டே இருப்பதுதான் இப்படி இழுபடும்.
தூரத்து மலை நிற்க
தண்டவாளத்தோரக் கம்பம் ஓடுவதுபோல.

அடோனிஸ் தேநீர்க் குவளையை வைத்துவிட்டுக்
கணக்குப் போட்டார்.
"ஃப்ரிட்ஜ் அளவு."
"வீட்டு ஃப்ரிட்ஜா?"
"கசாப்புக்கடை ஃப்ரிட்ஜ்."

அளவீடுகளை அனுப்பினோம்.
மோதும் வாய்ப்பு நூற்றுக்கு நான்கு என்று பதில் வந்தது.
அரை மணியில் பதினொன்று.
ஹவாயில் அப்போது காலைக் காப்பி,
சிலியில் வெயில்,
கேனரித் தீவில் மேகம்.
உலகத்தில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது
நாங்கள் இருவர், ஒரு கண்ணாடி.

நள்ளிரவுக்குப் பின் சிலி இருட்டியது.
யாஸ்னா என்று கையொப்பமிட்ட ஒருத்தி
ஐந்து புள்ளிகள் அனுப்பினாள்,
ஒரு வணக்கம்கூட இல்லாமல்.
எழுபது. தொண்ணூற்றெட்டு. நூறு.

கல் மனம் மாறவில்லை.
அதற்கு முதலிலிருந்தே நூறுதான்.
கரைந்துகொண்டிருந்தது
எங்கள் அறியாமை.

இடம்: எங்கள் தலைக்குக் கொஞ்சம் வடக்கே.
நேரம்: 3.47, இருபது விநாடி முன்பின்.
பேரிடர் அலுவலகத்தைக் கூப்பிட்டேன்.
"யாரை வெளியேற்ற வேண்டும்?"
"யாரையும் வேண்டாம். மேலேயே எரிந்து நொறுங்கிவிடும்."
கொட்டாவிச் சத்தம்.
"அப்புறம் என்னை ஏன் எழுப்பினீர்கள்?"

3.40க்கே அடோனிஸ் கம்பளியோடு வெளியே போனார்.
நான் கடைசி அளவீட்டில் இருந்தேன்.
தசமத்தில் ஒரு பிசகு,
திருத்திக்கொண்டிருந்தேன்.
ஓடிவந்து இரும்புக் கதவைத் தள்ள,
பனி இறுகிய தாழ்ப்பாள் அசையவில்லை.
கதவிடுக்கு முழுக்க
நீலம் கலந்த வெள்ளை ஒன்று
ஒரு நொடி
நிரம்பியது, வடிந்தது.

திறந்தபோது அடோனிஸ் வாய் பிளந்து நின்றார்.
வானம் பழையபடி.
ஆணிகள் அறைந்த இடத்திலேயே இருந்தன.
சற்றுப் பொறுத்து, தொலைவில்
யாரோ மூட்டையைப் போட்டதுபோல்
ஒரு சத்தம்.
கீழே பண்ணையில் ஆடுகள்
வெகுநேரம் அடங்கவில்லை.

"எப்படி இருந்தது?" என்றேன்.
அவர் கையைத் தூக்கினார்,
எங்கிருந்து எங்கே என்று காட்ட.
பாதியில் இறக்கிவிட்டார்.

காலையில் பெட்ரோல் பங்கில் மக்ரீட்டா சொன்னாள்:
"ராத்திரி மின்வெட்டு இல்லையா,
திடீரென்று ஜன்னல் திரையெல்லாம் வெளிச்சம்.
கரண்ட் வந்துவிட்டதென்று எழுந்து
கெட்டிலில் தண்ணீர் பிடித்து
சுவிட்சைப் போட்டு
நின்றேன், நின்றேன்.
சுடவே இல்லை."

அது என்ன என்று சொன்னேன்.
பூமியின் வயதுள்ள கல் என்றேன்,
அது விழுவதற்கு ஐந்து மணி நேரம் முன்பே
எங்களுக்குத் தெரியும் என்றேன்.
குழாயை மாட்டிவிட்டு
நியாயமாகத்தான் கேட்டாள்:
"அப்போ இன்றைக்குக் கரண்ட்
எத்தனை மணிக்குப் போகும்?"

இருபது விநாடித் துல்லியமாய்க்
கல்லைச் சொன்ன நான்
சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டு
வண்டியை எடுத்தேன்.