முந்நூற்றுப் பன்னிரண்டாம் படம்

கலியாண வீடுகளுக்கென்று
லீசிங்கில் எடுத்த ட்ரோன் அது.
வெல்லாவெளி வட்டைக்கு மேல் நான் அதை ஏற்றியபோது
மெமறி காட்டில் இன்னும் களுதாவளை மணப்பெண்
மாலையோடு அண்ணாந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

கீழே வரம்பு இல்லை, வாய்க்கால் இல்லை.
பால் குறைந்த தேத்தண்ணி
கண்ணுக்கெட்டியவரை ஊற்றிக் கிடந்தது.

பொலிசில் வாய்ச்சொல் தந்தார்கள்.
பறக்கவிடும் அனுமதிக் கடிதம்
கொழும்பிலிருந்து வரும் என்றார்கள்.
வந்தது, பதினொரு நாள் கழித்து.
ஹெலி ஒருதரம் வந்து வட்டமடித்து
எங்கள் தலைமயிரைக் கலைத்துவிட்டுப் போனது.
மறுகா நாங்கள்தான்:
ஓட்டோக்காரர் ஒருவர், வாத்திமார் இரண்டு பேர்,
சாய்ந்தமருதிலிருந்து லொறியில் வள்ளத்தை ஏற்றிவந்த ஜௌஸி,
நான்.

தேடியது இரண்டு பேரை.
எருமைக் கன்றுகளை அவிழ்க்கப் போன சீனித்தம்பி.
அவரைத் தேடிப் போன பேரின்பராசா.

ஒரு பற்றரிக்கு இருபத்திரண்டு நிமிசம்.
மூன்று பற்றரி.
லொறியில் வயர் கொளுவிச் சார்ஜ் ஏற்ற
ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மணித்தியாலம்.
தூறினால் இறக்கவேணும், காற்றெழும்பினால் இறக்கவேணும்.
சூடு பார்க்கும் கமரா என்றால்
இருட்டிலும் தேடலாம் என்றேன்.
ஜௌஸி விலை கேட்டார். சொன்னேன்.
தன் வள்ளத்தை ஒருதரம் திரும்பிப் பார்த்தார்,
மறுகா ஒன்றும் கேட்கவில்லை.

உள்ளங்கை அகலத் திரை.
வெயில் படாமல் தலைக்கு மேல் தறப்பாள் பிடித்தோம்.
அதில் தெரிந்ததெல்லாம் மனிதனாகவே இருந்தது:
மிதந்த உரப்பை,
கவிழ்ந்த நீலப் பீப்பாய்,
யானை முறித்துப்போட்ட கொப்பு.
நாலு தரம் வள்ளம் போனது.
நாலு தரமும் சும்மா கிறுகி வந்தது.

இரவு ஆயிரத்து நூற்றுநாற்பது படங்களையும்
நூறு நூறாகப் பிரித்து வட்ஸ்அப்பில் அனுப்பினோம்.
டேட்டாவும் கண்ணும் உள்ள யாருக்கும்.
கட்டாரில் வேலை முடிந்து படுக்கப் போனவர்கள்
படுக்காமல் பார்த்தார்கள்.
கோயில்போரதீவில் சட்டை தைக்கிற துஷ்யந்தினி
இரண்டு பத்துக்கு ஒரு படத்தில்
சிவப்பு வட்டம் போட்டு அனுப்பினாள்:
"இந்தத் தண்ணிக்குள்ள எல்லாம் வளைஞ்சு கிடக்கு.
இது மட்டும் நேரா நிக்குது."

இரண்டு மருதைகளுக்கு நடுவே
மயிரளவு ஒரு கோடு.
இழுத்துக் கட்டிய கயிறு.

வெள்ளாப்பில் வள்ளம் போனபோது
சீனித்தம்பி கவட்டுக் கொப்பில் குந்தியிருந்தார்.
கயிற்றில் மூன்று கன்றுகள், கழுத்தளவு தண்ணீரில்.
"வண்டு இரையிற மாதிரி மூணுதரம் கேட்டிச்சு மனே.
யார்ரயோ கலியாணம் எண்டு நினைச்சன்.
எண்டாலும் கைய ஆட்டினன்."

மூன்று தரமும் அவர் தலைக்கு மேலேதான் நின்றிருக்கிறேன்.
மருதை இலைகள்
மிகத் தெளிவாக விழுந்திருக்கின்றன.

பேரின்பராசா கிடைக்கவில்லை.
ஆறாம் நாள் நிறுத்தினார்கள்.
வெள்ளம் வற்ற வரம்புகள் எழும்பின.
கல்லாற்றில் ஒரு கலியாணத்துக்கு முற்பணம் வாங்கினேன்.

அவருடைய மனைவி தவமலர்
மகனின் போனைக் கொண்டு வந்தார்.
"எல்லாப் படத்தையும் இதுக்குள்ள போடுங்க தம்பி."
எத்தனையோ பேர் பார்த்துவிட்டார்கள், அக்கா.
"அவங்களுக்கு அவர் சாரன் கட்டுற கட்டுத் தெரியாதே."

போட்டுக் கொடுத்தேன்.

இப்போது இரவில் எடுக்கிறார்,
அடுப்படி வேலை முடிந்த பிறகு.
"தம்பி, முந்நூற்றிப் பன்னிரண்டில
கறுப்பா ஒண்டு தெரியுது."
கணினியைத் திறந்து பெரிதாக்கிப் பார்க்கிறேன்.
எருமை, அக்கா.
"எருமையா."
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்கிறது.
"சரி, வையுங்க. மற்றதப் பாக்கிறன்."