துண்டு

கூலிப் பேச்சு முறிந்து
பல்லடத்தில் தறிகள் நின்ற பத்தொன்பதாம் நாள்
நாய் ஒன்று வேண்டும் என்றாள் சுகந்தாமணி.

பதினாறு தறி ஓடும்போது
எங்களுக்குள் கைச்சாடைதான்.
நின்ற பிறகுதான் தெரிந்தது,
அவள் சாப்பிடும்போது முனகுவாள் என்று,
நான் வாய்விட்டுக் கணக்குப் போடுவேன் என்று.
"இத்தன அமைதி ஆகாதுங்க.
கொரைக்கறதுக்காச்சும் ஒண்ணு இருக்கட்டும்."

வீட்டில் ஏற்கெனவே நான்கு பேர்.
நூல் பெட்டிக்குள் பிறந்த பூனைகள் பாவு, ஊடை.
பாவு யாரிடமும் போகும்.
ஊடை என்னிடமே வராது.
ஷெட்டுக்குப் பின்னால் வளை தோண்டிக் குடியிருக்கும் முயல்.
அப்புறம் லோடு:
காரணம்பேட்டை வளைவில்
லாரியிலிருந்து விழுந்து பிழைத்த கறிக்கோழி.
நாற்பது நாளில் முடிய வேண்டிய உடம்பு
எட்டு மாதமாய் நடக்கிறது,
நாலடிக்கு ஒருதரம் உட்கார்ந்து.

சின்ன நாய்தான், அதில் பேச்சில்லை.
எந்தச் சின்னது என்பதில்
மூன்று ராத்திரி போயிற்று.

சூலூருக்கு அப்பால் சென்னியப்பன் பண்ணைக்கு
ஒரு பழைய துண்டோடு வந்தாள்.
பூனைகள் ஒரு வாரம் படுத்தது,
முயல் உருண்டது, லோடு எச்சமிட்டது.
பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்
எழுந்து போய் நின்றுகொண்டார்.

முதலில் பக்.
கதவில் மோதிக்கொண்ட முகம்.
மோந்தது, தும்மியது,
துண்டின் மேலேயே படுத்துக் குறட்டை விட்டது.
"வம்பில்லாத பிறவிங்க" என்றார் சென்னியப்பன்.
எங்களுடையது தகரக் கூரை.
சித்திரை வெயில், பறக்கும் பஞ்சு.
"இத்துணூண்டு மூக்குல எப்படிங்க மூச்சு வுடும்?"
அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

அடுத்தது டாஷண்ட்.
நான் அங்கேயே விழுந்துவிட்டேன்.
பாவு பீமுக்குக் கால் வைத்தாற்போல் நீளம்,
தரை கூட்டும் காது,
பந்தியில் இடம் கிடைக்காதவன் கண்.
என் செருப்பின் மேல் தாடையை வைத்தது.
இது போதும் என்றேன்.
அவள் துண்டை விரித்தாள்.
முயல் உருண்ட மூலையைக் கண்டுபிடித்து
முன்னங்கால் இரண்டாலும் தோண்டத் தொடங்கியது,
கீழே சிமெண்ட் தரை என்று தெரிந்தும்.
வளைக்குள் புகுந்து வேட்டையாட
எவனோ எந்தச் சீமையிலோ
தலைமுறை தலைமுறையாய் இழுத்து நீட்டிய உடம்பு.
அதைக் குற்றம் சொல்ல முடியாது.
முயலையும் சொல்ல முடியாது.
"குட்டிதான, பழக்கிக்கலாம்" என்றேன்.
"இருவது வருஷமா ஈரத் துண்டக் கட்டில்ல போடறீங்க" என்றாள்.

மூன்றாவது பொமரேனியன்.
துண்டு ஏதோ வட்டிக்காரன் என்பதுபோல்
மூலைக்கு ஓடி நின்று குரைத்தது.
பண்ணையே எழுந்துகொண்டது.
நான் செருப்பைத் தேடினேன்.
அவள் குந்தி உட்கார்ந்து,
"அட, சித்தெ இரு கண்ணு."
நின்றது.
துண்டைப் பார்த்தது. அவளைப் பார்த்தது.
மறுபடி துண்டை. மறுபடி அவளை.
"கொரைச்சாக் கொரைக்கட்டும்.
என்ன பண்றதுன்னு நம்மளக் கேக்குது பாருங்க."

வாங்கி வந்த ஐந்தாம் நாள்
கூலி படிந்து தறி ஓடத் தொடங்கிவிட்டது.
இங்கும் அங்கும் ஓடுவதால் நாடா என்று பேர்.
இப்போது நாடா குரைப்பது யாருக்கும் கேட்பதில்லை;
வாசலில் வாய் மட்டும் திறந்து மூடுகிறது.
லோடு நாலடி நடந்து உட்காருகிறது.
கயிற்றின் முனையில் நாடாவும் உட்காருகிறது.
முயல் வளையைச் சுற்றி வலை கட்டியாயிற்று.
ஊடை பரணில்தான். சோற்று வட்டலை
தினம் ஒரு படி கீழே வைக்கிறோம்;
நேற்று மூன்றாம் படி, இன்று மறுபடி நாலாவது.
சில சமயம் செருப்பு மாட்டும்போது
அந்தத் தாடையின் எடை நினைவுக்கு வரும்.
அவளிடம் சொல்வதில்லை.

தறிச் சத்தத்தில் எங்கள் சாடைகளோடு
புதிதாய் ஒன்று சேர்ந்திருக்கிறது.
உள்ளங்கையைத் தரைப்பக்கம் தாழ்த்தினால்
சித்தெ இரு.
நாய்க்குச் சொன்னது.
நானும் நின்றுவிடுகிறேன்.