இருபத்து மூன்றாம் பக்கம்

நீடாமங்கலத்தில் என் ஃப்ளெக்ஸ் கடையை ஒட்டி
சூசைமாணிக்கத்தின் டில்லர் பட்டறை.
அங்கேதான் முதலில் அவரைப் பார்த்தேன்,
ஆளை அல்ல, கோட்டை.
கிரீஸ் ஊறிய பாகங்கள் புத்தகத்தில்
இருபத்து மூன்றாம் பக்கம்:
ஒரு கார்புரேட்டர் கழன்று காற்றில் நின்றது.
ஒவ்வொரு திருகும் தன் துளையிலிருந்து
சரியாக ஒரு மூச்சு தள்ளி.
திரும்பிப் போக, புள்ளிப் புள்ளியாய் வழி.

"கழட்டத் தெரிஞ்சவன் வரைஞ்சது" என்றார் சூசை.
மாட்டத் தெரிந்தவன், என்று நினைத்துக்கொண்டேன்.

மூலையில் மிளகளவு முத்திரை.
அதைப் பெரிதாக்கி, யார் யாரையோ கேட்டு,
ஒரு குறுவையும் ஒரு தாளடியும் தாண்டிப்
பெயர் கிடைத்தது: குராமொச்சி.

பத்தொன்பது வருடம் திருகு வரைந்தவர்.
நாற்பத்து நாலு வயதில் வேலையை விட்டுவிட்டுக்
குழந்தைகளுக்கு ஒரு புத்தகம் செய்தார்.
கதை என்று ஒன்றும் கிடையாது.
ஒரு வயல். அதில் நீர் ஏறுகிறது.
முப்பத்திரண்டு பக்கம்.
கொஞ்சம்தான் விற்றது.
அடுத்த புத்தகத்தில் நீர் வடிந்தது.

தண்ணீருக்கு அவர் கோடு போடுவதில்லை.
வரப்பை வரைவார், நாற்றின் நுனியை வரைவார்,
மீதியை விட்டுவிடுவார்.
விட்ட இடம் நனைந்திருக்கும்.
எந்தக் கோடும் இன்னொன்றைத் தொட்டு மூடாது.
மூடினால் காற்று எப்படிப் போகும் என்று
எதிலோ கேட்டிருக்கிறார்.
செல்போன் மொழிபெயர்ப்பில் அது
காற்றா பேயா என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

விடியற்காலை ஐந்துக்கு நாற்காலி.
ஒவ்வொரு தாளின் பின்னாலும்
தேதி, வெயிலா மழையா, எத்தனையாவது முறை.
கொக்கின் முழங்கால் ஒன்று: நூற்றுப் பதினாறு.
நூற்றுப் பதினேழின் பின்னால் "பரவாயில்லை".
தன்னைப் பற்றி அவர் எழுதியதில்
அதற்கு மேல் பாராட்டு இல்லை.

நான் நாளைக்கு ஒன்பது பேனர் செய்கிறேன்.
பூப்புனித நீராட்டுக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும்
ஒரே ரோஜா.
கட்சிக்காரர் என்றால் தலைக்குப் பின்னால் சூரியன்.
தப்பினால் இரண்டு விசை,
தப்பிய சுவடே இராது.
எண்ணி எழுதத் திரைக்குப் பின்புறம் ஏது?

ஆனி பிறந்து நாலாம் நாள்
வெண்ணாற்றில் தண்ணீர் வந்தது,
நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு.
கடையைப் பாதி இறக்கிவிட்டுப்
பாலத்துக் கைப்பிடிச் சுவரில் தாளை வைத்தேன்.
தண்ணீரை விட்டுவிட்டு
அது சுமந்து வந்த ஒற்றைச் செருப்பை மட்டும் வரைந்தேன்.
எட்டிப் பார்த்த பால்காரர்
"செருப்பைத் தொலைச்சிட்டியாம்மா?" என்றார்.
பதினோராம் தாளில்
அது லேசாக மிதந்தது.

பிறகு பூவனூர் காதணி விழா, பத்துக்கு எட்டு.
கீழ் மூலையில், கேட்காமலே,
கையால் வரைந்த கொக்கொன்றை நிறுத்தினேன்.
"இது எதுக்கு? இங்க எங்க சின்ன மாமா வரணும்."
வந்தார், கட்டம் போட்ட சட்டையில், காதில் போனுடன்.
கொக்கை நான் அழிக்கவில்லை.
மாமாவின் முழங்கைக்குக் கீழே
ஒரு கால் மட்டும் நீண்டிருந்தது.
யாரும் கேட்கவில்லை.

அச்சாகி வந்து சுருட்டும்போதுதான் கவனித்தேன்,
ஃப்ளெக்ஸுக்குப் பின்புறம் உண்டு.
வெறும் வெள்ளை.
மார்க்கரால் எழுதினேன்:
ஆடி ஏழு. புழுக்கம். முழங்கால், முப்பத்து நான்கு.
அந்தச் சொல்லை எழுதவில்லை.

புரட்டாசியில் கொள்முதல் நிலையத்து வாசலில்
நெல் மூட்டைகளின் மேல் அது குப்புறக் கிடந்தது,
நாலு மூலையிலும் செங்கல்.
சின்ன மாமா நெல்லைப் பார்த்தபடி.
என் முப்பத்து நான்கின் மேல்
தூறல் விழுந்துகொண்டிருந்தது.