தண்ணீர்ச் செலவு

சியாத்துராவில் கேபிள் கார் நின்றுபோன பிறகு
காத்திருப்புக் கூடத்தை எங்களுக்கு விட்டார்கள்.
வாடகை இல்லை. கூரையும் பாதி இல்லை.
எத்தெரி சுரங்க மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவள்.
நான் போந்தோ, இருபத்தாறு வருடம்
பெட்டியின் கதவைச் சாத்தி மணி அடித்தவன்.
இருவரும் சேர்ந்து நடத்துகிறோம்
என்கிறது பதிவுச் சான்றிதழ்.
அவள் ஆட்களைப் பார்த்துக்கொள்கிறாள்,
நான் பேரேட்டை.

செவ்வாய்தோறும் ஆறு மணிக்கு எட்டுப் பேர்.
நாற்காலி ஒன்பது, ஒன்றுக்குக் கால் மூன்று,
அதில் யாரும் உட்காருவதில்லை.
எத்தெரி நின்றுகொண்டே இருப்பாள்.
எப்படி இருக்கிறாய் என்று
யாரும் யாரையும் கேட்பதில்லை.
அது இங்கே விதி. சுவரில் எழுதவில்லை.
ரொட்டிக்கடை லமாரா களிமண்ணைப் பிசைந்து பிசைந்து
உருண்டையாகவே வைத்துவிட்டுப் போவாள்.
மாவென்றால் ரொட்டியாக வேண்டும்,
இது எதுவும் ஆக வேண்டியதில்லையே என்பாள்.

ஜும்பெர் கறுப்பு மட்டும் எடுப்பான்.
பதினோரு வாரம். தாளின் நான்கு மூலைவரை கறுப்பு.
மற்ற வண்ணங்கள்
கல்யாணத்துக்கு வந்து கோபித்துக்கொண்டு
சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பவர்கள் மாதிரி
பெட்டியிலேயே கிடக்கும்.
மாங்கனீஸ் கலந்து ஆறே கறுப்பாக ஓடுகிற ஊரில்
கறுப்பைக் காசு கொடுத்தா வாங்குவது என்று
எத்தெரியிடம் சண்டைக்குப் போனேன்.
இன்னும் ஒரு டஜன் வாங்கு என்றாள்.
வாங்கினேன். ரசீதை ஆணியில் ஓங்கிக் குத்தினேன்.

ஈரத் தாள்களை விளக்கடிக்குக் கொண்டுபோன ஒரு ராத்திரி
ஜும்பெர் பின்னால் வந்து நின்றான்.
இது இரண்டாம் ஷிஃப்ட் என்றான்.
இது விளக்கு அணைந்த பிறகு.
இது என் தம்பி, மூச்சு இருந்தபோது.
இது அப்புறம்.
பதினொன்று என்று எண்ணி வைத்திருந்தேன் நான்.
பார்த்திருக்கவில்லை.

திபிலிசியிலிருந்து படிவம் வந்தது.
பணம் தருகிறவர்கள் மரியாதையானவர்கள்தான்,
கேள்விக்குக் கீழே நிறைய இடம் விட்டிருக்கிறார்கள்.
ஒன்று முதல் பத்துவரை,
வருமுன் மனம் எத்தனை, வந்தபின் எத்தனை,
ஆள் வாரியாக.
எத்தெரி இரண்டு தரம் வாசித்தாள்.
நீயே போடு என்று சொல்லிவிட்டுப்
பின்னறைக்குப் போனாள், தூரிகை கழுவ.

தூரிகை கழுவத்தான் எப்போதும் போகிறாள்.
கணக்கு உதைக்கிற இடமும் அதுதான்.
எட்டுத் தூரிகைக்கு ஒரு வாளி தாராளம்.
தண்ணீர்க் கட்டணமோ குளிர்காலம் தொடங்கி
மூன்று மடங்கு.
ஒழுகுகிறதா என்று குழாயெல்லாம் தட்டிப் பார்த்தேன்.
வாஷர்கூட மாற்றினேன்.
போன செவ்வாய், எல்லோரும் போன பின்
மறந்த சாவிக்காகத் திரும்பியவன்
மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன்.
குழாய் முழுதாகத் திறந்திருந்தது.
அந்த இரைச்சலுக்கு அடியில்
இன்னொன்று,
இரைச்சலுக்குள் ஒளியத் தெரிந்தது.

தட்டக் கையைத் தூக்கினேன். இறக்கினேன்.
விதி ஒன்று இருக்கிறதே இங்கே.
மூன்று கால் நாற்காலியைத் தலைகீழாகப் போட்டு
ஒரு கட்டையை வைத்து ஆணி அடித்தேன்,
தேவைக்கு மேல் சத்தமாக,
வெளியே ஆள் இருக்கிறது என்று தெரியும்படி.
அடித்த ஆணியைப் பிடுங்கி மறுபடி அடித்தேன்.
பத்து நிமிஷம் கழித்துத் தண்ணீர் நின்றது.

என்ன இது, இந்நேரத்தில் என்றாள்.
கால் என்றேன்.
உட்கார்ந்து பார்த்தாள்.
ஆடுகிறது என்றாள்.
எழுந்திருக்கவில்லை.

தண்ணீர்க் கட்டணத்தை
வரைபொருள் இனத்தில் எழுதிவிட்டேன்.
தணிக்கைக்காரர் கேட்டால்
நீர்வண்ணம் என்று சொல்லிக்கொள்ளலாம்.
மற்ற கட்டங்கள் காலியாகத்தான் இருக்கின்றன.
வெள்ளிக்கிழமை கடைசி நாள்.