முத்துப் பலகை

சுங்கச் சீட்டில் பன்னிரண்டு கிராம் என்றிருந்தது.
பஹாவ் செம்பனை ஆலையில் பதினோரு வருடம்
நிறுவைக் கிராணி நான்,
அடுத்தவர் எழுதிய எடையை நம்பிப் பழக்கமில்லை.
நகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன்.
பன்னிரண்டுதான்.
கட்டைவிரல் நுனியளவு கல்லுக்கு
அது அதிகம். உள்ளே ஈயம்.

மார்கரோசனைட்.
சொல்லிப் பார்த்தால் இருமல் மருந்து மாதிரி.
கிரேக்கத்தில் முத்தும் பலகையும் சேர்ந்த சொல்லாம்.
விலை நூற்றெண்பது வெள்ளி. வீட்டில் சொல்லவில்லை.

பார்வைக்கு ஒன்றுமில்லை.
அழுக்குச் சாம்பல் பாறையில்
மீன்செதில் ஒட்டியது போல நிறமற்ற தகடுகள்,
சாய்த்தால் மட்டும் சிப்பியின் உட்புறம்.
செப்புக் காசே கீறிவிடும்.
ஊசி நுழைந்தால் ஏடு ஏடாய்ப் பிரியும்.
தொட்ட பின் கை கழுவு
என்று எழுதி அனுப்பியிருந்தான் விற்றவன்.

மரியசூசை சலூனில்
சீப்புக்கும் கத்திரிக்கும் கிருமி கொல்லும் பெட்டி உண்டு,
ஊதா விளக்கு, கண்ணாடிக் கதவு.
கடை சாத்துகிற நேரம்.
"என்ன தம்பி, புடுங்குன பல்லா?" என்றார்.
கல்லை வைத்தேன்.
சட்டைப்பையில் கிடந்த இன்னொன்றையும் வைத்தேன்:
நிறுவைப் பாலத்தின் ஈய முத்திரை.
போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை
யாரோ அதை அறுத்து, வேறொன்றை நசுக்கிப் பூட்டியிருந்தார்கள்.
அறுத்தது என் மேசைக்கடியில் உருண்டிருந்தது.
அன்றிலிருந்து லாரிக்கு நாற்பது கிலோ குறைகிறது.
குலை ஏற்றி வரும் சின்னத் தோட்டக்காரர்கள்
சீட்டை இரண்டு முறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள்.
நான் தேதி போடுகிறேன்.

விளக்கு எரிந்தது.
கல் நீலமாய் எழுந்தது,
கேஸ் அடுப்பைச் சிறுக்கி வைத்தது போல,
ஏடுகளின் ஓரமெல்லாம் நீலம்,
சூடில்லாமல், சத்தமில்லாமல்.
கத்திரிகூட ஒரு கணம் அழகாய் இருந்தது.

ஒளிர்வது உள்ளிருக்கும் ஈயத்தால்தான் என்று படித்திருக்கிறேன்.
பக்கத்தில் முத்திரை, அதுவும் ஈயம்,
கலப்பில்லாத ஈயம், அரசாங்க எண் குத்தியது,
சீப்புகளோடு சீப்பாய் இருட்டில் கிடந்தது.

"அது ஏன் எரியல?"

சிலிக்கனும் சுண்ணமும் சுற்றி இருந்தால்தான் அண்ணே
என்று ஆரம்பித்து
பாதியில் விட்டேன்.

கல்லைப் பஞ்சில் சுற்றினேன்.
குழாயைத் திறந்து கல்லுக்காகக் கை கழுவினேன்.
முத்திரை இன்னும் பெட்டிக்குள் இருந்தது.
எடுப்பதா என்று நினைத்துக்கொண்டு நின்றேன்,
கை தண்ணீரிலேயே இருந்தது.

"மீட்டர் ஓடுது தம்பி" என்றார் மரியசூசை.