நல் இல்லாத மொழி

பாண்டி மறைமலை அடிகள் சாலை, மூன்றாம் மாடி.
பஸ் ஹாரன் ஏறிவரும் சன்னல்.
பதினோரு பேர். எல்லோருக்கும்
என்னைவிட அனுபவம் அதிகம்,
அதுதான் சிக்கல்.

புதிதாய் வருகிறவர்களுக்குச் சொல்லித்தருவது சுலபம்.
தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பது
அவர்களுக்குத் தெரியும்.
இவர்கள் முதல் வரியைப் பார்த்ததுமே
"ஓ, இது அதுதானே" என்கிறார்கள்.
இது அதில்லை.

மாறி என்றேன். மாறாது என்றேன்.
மாற வேண்டுமானால் முன்கூட்டியே
எழுதிக் கேட்க வேண்டும்.
"பிறகெதுக்கு மாறின்னு பேரு?"
கடலூரிலிருந்து தினமும் வண்டியில் வரும் ஹமீதா பானு.
கவர்மென்ட் ஆபீஸ் மாதிரி இருக்கே என்றது பின்வரிசை.

சாப்பாட்டுக்குப் பிறகு
பழைய மொழியையே புது எழுத்தில் எழுதினார்கள்.
கம்பைலர் சிவப்பில் திட்டியது.
நானும் ஒரு காலத்தில் அப்படித்தான், சொல்லவில்லை.
செவரிராயன் வரிக்கு வரி செமிகோலன் வைத்தார்,
அழித்தார், மறுபடி வைத்தார்.
இந்த மொழிக்கு அது வேண்டாம் என்பது
விரலுக்குப் புரியவில்லை.

இரண்டாம் நாள் மழை. ஏழு பேர்.
"இதில் நல் கிடையாது" என்றேன்.
தமிழில் அது நல்ல சொல்.
எங்கள் தொழிலில்
ஒன்றுமில்லாததன் பெயர்,
நடுராத்திரியில் சர்வரைச் சாய்ப்பது.

"அப்ப இல்லாததை எப்படிச் சொல்றது?"
கேட்டவர் செவரிராயன்.
பதினேழு வருடமாக ஒரே மென்பொருள் அவர் பொறுப்பு:
ஓய்வூதியக்காரர்களின் பட்டியல்.

"இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்று
முதலிலேயே எழுதிவிட வேண்டும்.
இரண்டுக்கும் பதில் வைக்காமல்
கம்பைலர் விடாது."

மாலையில் தன் திரையைத் திருப்பிக் காட்டினார்.
இறந்த தேதி என்று ஒரு கட்டம்.
அங்கே நல் இருந்தால் ஆள் உயிரோடு.
பதினேழு வருடம் அப்படித்தான் ஓடியிருக்கிறது.
அதையே பெயர்த்திருந்தார்:
தேதி இருந்தால், இல்லாவிட்டால். பச்சை.

"ஓடுது மேடம். ஆனா தப்பு."

நவம்பரில் உயிர்ச் சான்று கொடுக்க
வராதவர்கள் இதில் எங்கே என்றார்.
முத்தியால்பேட்டையில் ஒருவர்
இடுப்பு முறிந்து படுத்திருந்தார்.
இன்னொருவர் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம்,
வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை.
"தெரியலைங்கறதுக்கு நான் இடமே வைக்கல."

என் ஸ்லைடுகளில் இதற்குப் பக்கம் இல்லை.
மார்க்கரை அவரிடம் கொடுத்தேன்.
இருக்கிறார்.
இறந்தார், தேதியோடு.
மூன்றாவதற்குப் பெயர் தேடி
டீ ஆறும்வரை ஏழு பேரும் சண்டை.
"வரவில்லை" என்றார் ஹமீதா.
"அவ்வளவுதானே நமக்குத் தெரியும்."

அதைச் சேர்த்ததும்
பச்சையாக இருந்த முப்பத்தொரு இடங்கள்
சிவந்தன.
ஒவ்வொன்றும் கேட்டது: வராதவருக்கு என்ன பதில்?

செவரிராயன் நாற்காலியை இழுத்துப் போட்டார்.
முதல் பிழையை இரண்டு முறை படித்தார்.
திருத்தினார்.
வரி முடிவில் ஒரு செமிகோலன் வைத்தார்.
அழிக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.