நாட்காட்டிக்கு ஒரு குளம்

பன்னிரண்டு படம். ஒன்றுக்கு எட்டாயிரம்.
ஜனவரிக்குக் கோயில், மே மாதத்துக்கு மாம்பழம்,
ஓகஸ்டுக்கு முத்தையன்கட்டுக் குளம்.
கூட்டுறவுச் சங்கச் செயலாளர் நவரத்தினராசா
விரல் மடக்கிச் சொன்னார்.
"நோர்வேயில படிச்சனீங்கள்,
வடிவாய்த்தான் செய்வியள்."

பேர்கனில் இரண்டு வருசம் நான் படித்தது
பெரும்பாலும் மழையை.
முதல் மாதம் என் தாளைத் தூக்கி
ஜன்னலோடு வைத்துப் பார்த்தாள் சிக்ரூன்.
"இந்த மலை எங்கே இருக்கிறது?"
வெளியே காட்டினேன்.
"அது சாம்பல். நீ போட்டது நீலம்.
மலை நீலமென்று யார் உனக்குச் சொன்னது?"
ஒருவரும் சொல்லவில்லை.
கிளிநொச்சிச் சாப்பாட்டுக் கடைச் சுவரில்
சுவிஸ் மலை போட்ட நாட்காட்டி சொன்னது.

அந்தக் குளிர்காலம் முழுக்க
கறுப்புக் குப்பியைத் தொட விடவில்லை.
நீலத்துக்குள் கொஞ்சம் செங்காவி,
செங்காவிக்குள் ஒரு சொட்டுப் பச்சை.
நாற்பத்தொரு சாம்பல் கலந்தேன்.
ஒவ்வொன்றின் பக்கத்திலும் பென்சிலால் பெயர்:
ஈயச்சட்டி, மணலை முதுகு,
நேற்றைய அடுப்பு, கஞ்சி.
அவளுக்கு எழுத்து விளங்காது.
நிறத்தைப் பார்த்துத் தலையாட்டினாள்.

இன்னொன்றும் சொல்லித் தந்தாள்:
வரைய முதல் நிலத்துக்குள் நட.
கால் நனைந்த பிறகு
தூரிகையை நனை.

ஓகஸ்ட். பதினொன்றரை வெயில்.
ஒட்டுசுட்டானில் பஸ்ஸை விட்டிறங்கி ஓட்டோவில் அணைக்கட்டு.
குளம் பாதிக்கு வற்றிக் கிடந்தது.
பட்ட மரங்களில் நீர்க்காகங்கள்
செட்டை விரித்துக் காய்ந்தன.
காட்டுப் பக்கம் நடக்க வெளிக்கிட்டேன்.
செம்மண்ணில் ஒரு தடி, உச்சி சிவப்பு.
அங்கால் இன்னொன்று.
பாலை மரத்தைச் சுற்றி மஞ்சள் நாடா.

முகக்கவசத்தை நெற்றிக்குத் தள்ளி
முழங்காலிலிருந்து எழும்பினாள் ஒருத்தி.
"அக்கா, அங்கால போகாதேங்கோ.
அடுத்த மாரிக்குள்ள முடிச்சிடுவம்."
சட்டையில் பெயர் தைத்திருந்தது: சுகிர்தமலர்.
ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கேட்டேன்.
"நல்ல மண்ணெண்டால் பன்ரண்டு சதுர மீற்றர்.
வேர் கனக்க எண்டால் அரைவாசி."

என் தாளில் அது
தூரிகையின் ஓர் இழுப்பு.

சிக்ரூன், உன் பாடம்
இதற்கு மேல் நடக்காது.
தடிக்கு இப்பால் குந்தியிருந்து வரைந்தேன்.
உச்சி வெயில் எல்லா நிறத்தையும் தின்றுவிட்டு
மிச்சம் விட்ட தண்ணீர்.
அதன் நிறம் எனக்குத் தெரிந்திருந்தது.
எண் பத்தொன்பது, கஞ்சி.
கலந்த ஊரில்
அதற்கு ஒரு நாளும் வேலை வரவில்லை.
தடிகளையும் வைத்தேன், நுனித் தூரிகையால்.
உற்றுப் பார்க்காதவருக்கு அவை பூக்கள்.

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"தங்கச்சி, இது நோர்வேக் குளம் மாதிரியெல்லோ கிடக்கு.
பச்சை எங்க? நீலம் எங்க?
லண்டனுக்கும் கனடாவுக்கும் போற சாமான்.
சனம் பார்த்துப் பெருமூச்சு விட வேணும்."

எட்டாயிரம். அறை வாடகை பதினைந்து.
தாளை ஸ்கான் செய்து
மடிகணினியில் நீலம் ஊற்றினேன்.
பாலைக்குப் பச்சை. வானத்துக்கு மூன்று முகில்,
கேட்காததும் ஒன்று, கொக்கு.
சிவப்புத் தடிகளை அழிக்க
நாலு நிமிசம் பிடித்தது.

தை பிறந்து இரண்டாம் கிழமை
கைபேசியில் ஒரு படம் வந்தது.
முகாம் சமையலறைத் தகரத்தில், ஆணியில்,
ஓகஸ்டுக்குப் புரட்டிவிட்ட நாட்காட்டி.
"நாங்கள் நிண்ட இடம் எதெண்டு
பெட்டையள் விரல் வைச்சுத் தேடினவை அக்கா.
எங்களுக்கு முந்தி நீங்கள்
துப்பரவாக்கிப் போட்டியள்."
பக்கத்தில் ஒரு சிரிக்கிற முகம்.

ஒரு மணித்தியாலம் பதில் எழுதி எழுதி அழித்தேன்.
பிறகு அசல் தாளைச் சுருட்டி, இறப்பர் பட்டி போட்டு,
ஒட்டுசுட்டான் பஸ் சாரதியிடம் கொடுத்துவிட்டேன்.
பின்பக்கம் பென்சிலால் எழுதியிருந்தேன்:
பத்தொன்பது. கஞ்சி.
தடி பதினான்கு, எண்ணிப் பாருங்கோ.